பெட்டியைத் திறந்து காட்டுங்கள்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி மகன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: “அண்ணா, இதுக்கு அட்வான்ஸ் கட்டலாமா?”

ஒன்றரை நிமிட வீடியோ. முழு இருட்டு. அதற்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பெட்டியின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் ஊர்ந்து போகிறது. அடிவயிற்றைக் கலக்குகிற இசை. விளையாட்டின் எதிர்காலம் வந்துவிட்டதாக ஒரு குரல் ஆங்கிலத்தில் சொல்கிறது. டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற கன்சோல் அது. பழைய கேம்களும் ஓடுமாம், புது கேம்களும் ஓடுமாம், கம்ப்யூட்டர் கேம்களும் ஓடுமாம். விலையோ பிளேஸ்டேஷனில் பாதி. கடைசியில் கம்பெனியின் பெயர் வருகிறது. அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை. அடுத்த வருஷம் அது நிஜமாகவே ஒரு நல்ல கருவியாக வந்து நின்றாலும் நிற்கலாம்.

தம்பிக்கு இது முதல் வேலை. அவர்கள் கேட்கிற முன்பணம் அவன் மாதச் சம்பளத்தில் கால் பங்கு. “கட்டாதே” என்று டைப் அடித்தேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன். ஏன் என்று கேட்பான். “யார்னே தெரியாத கம்பெனிடா” என்பதைத் தவிர அப்போது என்னிடம் பதில் இல்லை. யாரென்றே தெரியாத எழுத்தாளர்களின் முதல் புத்தகங்களைப் பற்றி எழுதுவதையே வேலையாக வைத்திருப்பவன் நான். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆகவே அந்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பழைய கன்சோல் அறிவிப்புகளைத் தேடிப் படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை வாசிப்பது. அறிவிப்பும் ஒரு பிரதிதானே? அதற்கும் ஒரு கதைசொல்லி இருக்கிறான், ஒரு வாசகன் இருக்கிறான், சொல்லாமல் விட்ட இடங்கள் இருக்கின்றன. கருவியைப் பற்றிய சந்தேகத்தைக் கருவி வரும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை, அறிவிப்பை ஒழுங்காக வாசித்தாலே பாதி தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வாசிப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

இந்த வகை எழுத்துக்கு ஒரு செவ்வியல் படைப்பு இருக்கிறதென்றால் அது ஃபேண்டம். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்திலிருந்த இன்ஃபினியம் லேப்ஸ் என்ற கம்பெனி அதை அறிவித்தது. கம்பெனி தொடங்கி ஒரு வருஷம்கூடச் சரியாக ஆகியிருக்கவில்லை. அதன் நிறுவனர் டிமோதி ராபர்ட்ஸ். அப்போது சந்தையில் சோனியின் பிளேஸ்டேஷன் 2, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோவின் கேம்க்யூப் என்று மூன்று மலைகள் நின்றுகொண்டிருந்தன. மூன்றையும் மிஞ்சுவோம் என்றது அறிவிப்பு. இப்போதுள்ள கம்ப்யூட்டர் கேம்கள் மட்டுமில்லை, இனி வரப்போகிறவையும் இதில் ஓடும் என்றது. கருவியின் பெயரையே கவனியுங்கள். ஃபேண்டம் என்றால் மாயத்தோற்றம், பேய். இதைவிட நேர்மையாக யாரும் பெயர் வைத்திருக்க முடியாது.

ஆனால் சிரித்துவிட்டுப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபேண்டத்தின் யோசனை மோசமானதில்லை. டிஸ்க்கே வேண்டாம், பிராட்பேண்ட் வழியாகக் கேமை இறக்கி ஆடலாம் என்பதுதான் அதன் சாரம். அதே 2003 செப்டம்பரில் வால்வ் கம்பெனி ஸ்டீமைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் கேம் விற்பனையே பிறகு அந்தப் பக்கமாகத்தான் போயிற்று. எதிர்காலத்தைச் சரியாகக் கணிப்பதும் அதைச் செய்து காட்டுவதும் வேறு வேறு வேலைகள். “ஐடியா சூப்பரா இருக்கே” என்று நாம் மயங்குகிற இடம் இதுதான். யோசனை சரி என்பது, அதைச் சொல்கிறவனிடம் கருவி இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகாது.

2003 செப்டம்பரில் ஹார்ட்ஓசிபி என்ற இணையதளம் இந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டது. கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்துப் பார்த்து எழுதுகிற தளம் அது. அவர்கள் செய்த வேலையில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கம்பெனி எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள், அந்த நிறுவனர் இதற்கு முன் நடத்திய தொழில்கள் என்ன ஆயின என்று பார்த்தார்கள். பெண் கொடுப்பதற்கு முன் நம் வீட்டுப் பெரியவர்கள் விசாரிப்பார்களே, அந்த மாதிரி விசாரணைதான். கம்பெனி தரப்பிலிருந்து வந்த பதில் வக்கீல் மிரட்டல். விவகாரம் 2004இல் நீதிமன்றம்வரை போனது. கடைசியில் அந்தத் தளத்தின் வக்கீல் செலவுக்குக் கம்பெனிதான் பணம் கட்ட வேண்டியிருந்தது. கருவி இருக்கிறதா என்று கேட்டவனிடம் கருவியைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம் இது.

2004 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில் பெட்டி காட்சிக்கு வந்தது. எக்ஸ்பாக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கெவின் பாக்கஸ் அதற்குள் கம்பெனியில் சேர்ந்திருந்தார். கதையில் ஒரு நம்பகமான பாத்திரம் நுழைகிற இடம். இரண்டு வருஷ சந்தா கட்டினால், மாதம் 29.95 டாலர், பெட்டி இலவசம் என்றார்கள். 2003 நவம்பரில் வருகிறது என்று முதலில் சொன்ன கருவி 2004க்குத் தள்ளிப்போனது, பிறகு 2005க்கு. 2005இலேயே ராபர்ட்ஸ் பொறுப்பிலிருந்து விலகினார், பாக்கஸும் விலகினார். கம்பெனியின் கணக்கில் சேர்ந்திருந்த நஷ்டம் 6 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கன்சோல் ஒன்றுகூட வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகவில்லை. 2008இல் மடியில் வைத்துத் தட்டுகிற ஒரு கீபோர்டு மட்டும் ஃபேண்டம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இதில் எனக்கு மிகவும் உறைத்த பகுதி ஒன்று உண்டு. 2006இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் கம்பெனி மீதும் ராபர்ட்ஸ் மீதும் வழக்குப் போட்டது. பங்கு விலையை ஏற்றிவிடுவதற்காக ஆளுக்குப் பங்குகளைக் கூலியாகக் கொடுத்து, ஊரெல்லாம் ஃபேக்ஸ் அனுப்ப வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஃபேக்ஸ்களின் வடிவத்தைக் கேளுங்கள். யாரோ ஒருவர் தன் நண்பருக்கு அவசரமாக அனுப்பிய ரகசியக் குறிப்பு, தவறுதலாக உங்கள் எண்ணுக்கு வந்துவிட்ட மாதிரி எழுதப்பட்டிருந்ததாம். கடிதவழிக் கதை! வாசகனை ஒட்டுக்கேட்கிறவனாக ஆக்கிவிடுவது. தனக்கென்று சொல்லப்பட்டதை நாம் சந்தேகிப்போம், தற்செயலாகக் காதில் விழுந்ததைச் சந்தேகிக்க மாட்டோம். இலக்கியம் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்த உத்தி. ராபர்ட்ஸ் பின்னர் அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்.

விளையாட்டுக்காரர்கள் “எப்ப வரும், எப்ப வரும்” என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, ஃபேக்ஸைப் பார்த்துப் பங்கு வாங்கியவர்களுக்கு கேம் என்றால் என்னவென்றே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். கன்சோல் அறிவிப்புக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் ஆட நினைப்பவர், மற்றவர் பணம் போடுபவர். அறிவிப்பு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதுதான் நான் இப்போது முதலில் கவனிப்பது.

3

“புதுசா ஒருத்தன் வந்து ஜெயிக்கக் கூடாதா?” என்று தம்பி கேட்பான் என்று தெரியும். ஜெயிக்கலாம். ஆனால் அவன் எதற்குள் இறங்குகிறான் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

பெட்டி செய்வது அதில் முதல் படிதான். வெளிக்கூட்டை வார்க்க எஃகு அச்சு வேண்டும். அதற்கே பெருந்தொகை போய்விடும், பிறகு ஒரு மூலையை மாற்ற நினைத்தால் மறுபடி செலவு. ரேடியோ அலை இடையூறு இல்லை என்று ஒவ்வொரு நாட்டிலும் சான்றிதழ் வாங்க வேண்டும். கன்ட்ரோலர் பட்டன்கள் லட்சம் தடவை அமுக்கினாலும் தாங்க வேண்டும். ஓஎஸ், கேம் விற்கிற கடை, பழுதானால் திரும்பப் பெறும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். இவ்வளவும் முடிந்தபிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கும். ஆட ஆள் இல்லாத கன்சோலுக்கு யாரும் கேம் எழுத மாட்டார்கள். கேம் இல்லாத கன்சோலை யாரும் வாங்க மாட்டார்கள். எது முதலில்? பெரிய கம்பெனிகள் இதைப் பணத்தால் உடைக்கின்றன. பெட்டியை அடக்க விலைக்கோ அதற்குக் கீழேயோ விற்றுவிட்டு, விற்கிற ஒவ்வொரு கேமிலும் வருகிற பங்கில் அதை மீட்டுக்கொள்கின்றன. நஷ்டத்தை ஐந்தாறு வருஷம் தாங்குகிற வயிறு இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும்.

அந்த வயிறு சேகாவுக்கே இல்லாமல் போனது. ட்ரீம்காஸ்ட் இன்றைக்கும் ரசிகர்கள் உருகுகிற கன்சோல். உலகம் முழுக்க 90 லட்சத்துக்கு மேல் விற்றது. அப்படியும் 2001 ஜனவரியில், இனி கன்சோல் செய்வதில்லை என்று சேகா அறிவித்தது. பத்து வருஷம் நிண்டெண்டோவோடு மல்லுக்கட்டிய கம்பெனி, கையில் சோனிக் இருந்த கம்பெனி! அதனால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து பாதி விலை, எல்லாக் கேமும், அடுத்த தீபாவளிக்குள் என்று சொல்லும்போது, சேகாவுக்குத் தெரியாத எதை இவர் கண்டுபிடித்தார் என்று கேட்பது பொறாமையாகாது. கேட்காமலிருப்பதுதான் அந்த வேலையை அவமதிப்பது.

4

நான் இரண்டாவதாகப் படித்தது கோலிகோ கமீலியனின் கதை. இது ஃபேண்டத்தைவிடச் சின்னது, ஆனால் எனக்கு அதைவிட வலித்தது.

ரெட்ரோ விஜிஎஸ் என்ற பெயரில் 2015இல் இது கூட்டுநிதி கேட்டு வந்தது. கேட்ரிட்ஜ் போட்டு ஆடுகிற புதிய கன்சோல். இணையம் வேண்டாம், அப்டேட் வேண்டாம், வாங்கிய கேம் என்றைக்கும் உங்களுடையது. இப்போது நினைத்தாலும் அந்த ஆசை எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அதன் வெளிக்கூட்டுக்கு ஒரு தனிக் கதை இருந்தது. 1993இல் வந்த அட்டாரி ஜாகுவார் கன்சோலை வார்த்த அச்சுகளை, அது தோற்றபிறகு, பல் மருத்துவக் கருவி செய்கிற ஒரு கம்பெனி வாங்கிப் பல் கேமரா செய்துவந்தது. அவர்களிடமிருந்து அந்த அச்சுகளை இவர்கள் வாங்கியிருந்தார்கள். கன்சோலாகப் பிறந்து, பல் கேமராவாகிப் பிழைத்து, மறுபடி கன்சோலாக நினைத்த கூடு. சிறுகதை எழுதத் தூண்டுகிற விஷயம். கூடு கிடைத்துவிட்டது. உள்ளே வைக்க உயிர்தான் இல்லை.

கேட்ட தொகை 19.5 லட்சம் டாலர். அதன் பக்கத்தில்கூட வரவில்லை. உடனே பெயரை மாற்றினார்கள். 1980களில் புகழ்பெற்ற கோலிகோவின் பெயரை உரிமம் வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். 2016 பிப்ரவரியில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் ஒரு மாதிரிக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் டேப் போட்டு மறைத்திருந்தது. படங்களைப் பார்த்த ரசிகர்கள் இணைப்புத் துளைகளின் இடத்தை அளந்து, உள்ளே இருப்பது பழைய சூப்பர் நிண்டெண்டோவின் போர்டு மாதிரி இருக்கிறதே என்றார்கள். சந்தேகத்தைத் தீர்க்க, கண்ணாடிபோலத் தெளிவான கூட்டுக்குள் போர்டு தெரிகிற ஒரு படத்தைக் கம்பெனி தரப்பு வெளியிட்டது. சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அது சிசிடிவி கேமரா காட்சிகளைப் பதிவு செய்வதற்காகக் கம்ப்யூட்டரில் செருகுகிற ஒரு கார்டு. பெயர் கொடுத்த கோலிகோ, கருவியைப் பொறியாளர்களிடம் காட்டச் சொல்லிக் கெடு வைத்தது. மார்ச்சில் தன் பெயரை எடுத்துக்கொண்டு விலகியது. கதை முடிந்தது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? அட்டாரி ரசிகர்கள். அந்தக் கருவி வர வேண்டும் என்று வேறு யாரையும்விட அதிகமாக ஆசைப்பட்டிருக்க வேண்டியவர்கள். துளைகளின் இடைவெளியை அவ்வளவு துல்லியமாக அளக்க, அந்தப் பழைய பெட்டிகளை வருஷக்கணக்காகக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். சந்தேகப்படுகிறவனை “நெகட்டிவ்” என்று ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. இங்கே சந்தேகப்பட்டவனுக்குத்தான் அந்தப் பொருளின் மீது பிரியம் அதிகம். பிரியம் குறைந்தவன் டேப்பைப் பார்த்திருக்கவே மாட்டான்.

எனக்கு அந்தப் பெருமை கிடையாது. சில வருஷங்களுக்கு முன் பாக்கெட்டில் வைத்து ஆடுகிற ஒரு கருவிக்கு நான் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். மாதம் ஒரு கடிதம் வரும். சர்க்யூட் போர்டின் படம், தொழிற்சாலைக்குப் போன பயணம், குழுவில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, இந்த நிறமா அந்த நிறமா என்று ஓட்டெடுப்பு. நன்றாக எழுதுவார்கள். நான் காத்திருந்து படித்தேன். சந்தேகம் கேட்ட நண்பனிடம் சண்டைகூடப் போட்டேன், “நீ எதைத்தான் நம்புவ?” என்று. கடிதங்களுக்கு நடுவே இடைவெளி கூடியது. அப்புறம் நின்றுவிட்டது. கருவி வரவில்லை, பணமும் வரவில்லை. நான் 7,000 ரூபாய்க்கு வாங்கியது ஒரு தொடர்கதை என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. பணத்தைவிட, அந்த நண்பனிடம் பேசிய பேச்சுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பணம் கட்டியவன் வெறும் வாசகனாக இருப்பதில்லை. அவன் கதையின் பங்குதாரர் ஆகிவிடுகிறான். கதை பொய்யென்றால் அவனும் ஏமாளி என்றாகிவிடும். அதனால் கதையை அவனே காப்பாற்றத் தொடங்குகிறான்.

இன்டெலிவிஷன் அமிகோவைச் சுற்றி நடந்ததையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 2018இல் அறிவித்தார்கள். 2020 அக்டோபர் 10 அன்று வரும் என்றார்கள். குடும்பத்தோடு ஆடும் எளிய கேம்கள், பழைய மரியாதைக்குரிய பெயர். முன்பதிவு செய்தவர்கள் ஒருபக்கம், கூட்டுநிதி வழியாகப் பங்கே வாங்கியவர்கள் இன்னொருபக்கம். தேதி 2021க்குப் போனது, அப்புறம் அதற்கும் அப்பால் போனது. 2024இல் இன்டெலிவிஷன் என்ற பெயரையே அட்டாரி வாங்கிக்கொண்டது. கன்சோல் கடைக்கு வரவே இல்லை. அதன் கேம்கள் சில கைபேசியில் ஆடுகிற செயலியாக வந்தன. இதை ஃபேண்டத்தோடு சேர்த்து வைக்க மாட்டேன். இங்கே கேம்கள் நிஜமாகவே எழுதப்பட்டன, வேலை செய்த ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் பெட்டிக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர் பக்கமிருந்து பார்த்தால் பலன் ஒன்றுதான்.

5

அப்படியானால் தெரியாத கம்பெனி என்பதே குற்றமா?

நான் ஆடிய முதல் கன்சோலுக்குக் கம்பெனியே கிடையாது. 90களில் எங்கள் தலைமுறை “டிவி கேம்” என்று சொன்ன பெட்டி. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல். யார் செய்தார்கள், எந்த ஊரில் செய்தார்கள், பெட்டியின்மேல் எழுதியிருந்த பெயருக்கு என்ன அர்த்தம், யாருக்கும் தெரியாது. பர்மா பஜாரில் அப்பா வாங்கித் தந்தார். கடைக்காரர் தன் கடை டிவியில் வயரைச் செருகி, கான்ட்ராவைப் போட்டு, என் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, நான் ஒருமுறை செத்தபிறகுதான் விலை பேசினார். கையில் காசு வாயில் தோசை. கேட்ரிட்ஜில் 9999999 கேம் என்று போட்டிருந்தது பச்சைப் பொய். சில பத்துக் கேம்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் அந்தப் பொய்க்கு அடியில் ஒரு உண்மை இருந்தது. பெட்டி இருந்தது. ஓடியது.

பெயர் தெரியாதவன் விற்ற பெட்டி ஓடியது. பெயர் பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்ட ஃபேண்டம் வரவேயில்லை. ஆக, “யார்னே தெரியாது” என்ற என் முதல் காரணம் செல்லாது.

“வராது” என்று நினைப்பதும் எப்போதும் சரியாகிவிடாது. ஊயா என்ற சின்ன கன்சோல் 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் 9.5 லட்சம் டாலர் கேட்டது. 63,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 85 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். வரவே வராது என்று பலர் எழுதினார்கள். வந்தது. 2013இல் 99 டாலருக்குக் கடையில் இருந்தது. ஆனால் முன்னே சொன்ன கோழியா முட்டையா சிக்கலில் மாட்டிக்கொண்டது. 2015இல் ரேஸர் கம்பெனி அதன் மென்பொருள் பக்கத்தை வாங்கியது, 2019 ஜூனில் சர்வரை அணைத்துவிட்டார்கள். ஏமாற்று இல்லை, தோல்வி. தோற்றவனையும் ஏமாற்றியவனையும் ஒரே தட்டில் வைப்பது சந்தேகப்படுகிறவன் செய்யக்கூடிய பெரிய பாவம்.

நானே செய்த பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 மே மாதம் பிளேடேட் என்ற கையடக்கக் கருவியை பேனிக் என்ற அமெரிக்கக் கம்பெனி அறிவித்தது. மேக் கம்ப்யூட்டர்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். கேம் கருவி செய்து பழக்கமே இல்லாதவர்கள். மஞ்சள் நிறம், கறுப்பு வெள்ளைத் திரை, பக்கவாட்டில் கையால் சுற்றுகிற ஒரு கைப்பிடி. நான் சிரித்தேன். நண்பர்கள் மத்தியில் “கரும்பு ஜூஸ் மிஷின்” என்று பெயரும் வைத்தேன். 2021இல் அவர்கள் ஒரு கெட்ட செய்தி சொன்னார்கள். முதலில் செய்து முடித்த 5,000 கருவிகளில் பேட்டரி கோளாறு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் வேறு பேட்டரி போட வேண்டும், அந்த வருஷம் தர முடியாது, அடுத்த வருஷம்தான் என்று. 2022 ஏப்ரலில் கருவி மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. என் நண்பன் ஒருவனிடம் இருக்கிறது. நான் சுற்றிப் பார்த்தேன். அருமையாக இருக்கிறது. கரும்பு ஜூஸ் என்று சொன்னதை அவன் இன்னும் மறக்கவில்லை.

என் தவறு எங்கே என்று யோசித்தேன். கம்பெனியைப் பார்த்தேன், கருவியின் கோலத்தைப் பார்த்தேன், அறிவிப்பை வாசிக்கவில்லை. அதில் எல்லாமே எல்லைகளாக இருந்தன. நிறம் கிடையாது. திரை 400க்கு 240 புள்ளி மட்டும். முதல் பருவத்தில் 12 கேம், வாரத்துக்கு ஒன்றாக வரும். உங்கள் பழைய கேம்கள் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. பிளேஸ்டேஷனை மிஞ்சும் என்றும் சொல்லவில்லை. கெட்ட செய்தியிலும் எண்ணிக்கை இருந்தது, எந்த பாகம் என்பது இருந்தது. தாமதத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைக் கையால் தொட்டுக் காட்ட முடியும்.

இருக்கிற பொருளுக்கு ஓரம் உண்டு. இது முடியும், இது முடியாது என்று அதன் ஓரங்களில் இடித்துக்கொண்டுதான் அதைச் செய்கிறவர்கள் நாளைக் கழிப்பார்கள். அதனால் அவர்கள் பேச்சிலும் அந்த ஓரங்கள் வந்துவிடும், மறைக்க நினைத்தாலும் வந்துவிடும். இல்லாத பொருள் எதிலும் இடிக்காது. அதில் எல்லாக் கேமும் ஓடும், அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும், விலையும் குறைவாக இருக்கும். முதல் நாவலில் உலகத்தின் எல்லாத் துயரங்களையும் எழுதப் போவதாகப் பேட்டி கொடுக்கிறவரையும், ஒரு தெருவின் நாலு வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்கிறவரையும் பார்த்தால், இரண்டாமவர் மேஜையில் கையெழுத்துப் பிரதி இருக்கிறது என்று நான் எப்படிக் கண்டுகொள்கிறேனோ, அப்படித்தான் இதுவும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அகப்பையில் வருவது அளவாகத்தான் வரும்.

இது தவறாத சூத்திரம் என்று சொல்ல மாட்டேன். அமிகோவின் அறிவிப்பில் எல்லைகள் இருந்தன. ஊயாவும் தன்னால் முடிந்ததைத்தான் சொன்னது. எல்லை சொல்கிறவன் வெற்றி பெறுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்லையே சொல்லாதவனிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதற்கு மட்டும் இது போதும்.

6

அன்று இரவு தம்பிக்கு போன் செய்தேன்.

“கட்டாதேன்னு சொல்ல மாட்டேன். மூணு கேள்வி கேட்டு அவங்களுக்கு மெயில் போடு. கம்பெனிக்கு வெளிய யாராவது அந்தப் பெட்டியைக் கையில வாங்கி, மூடியைக் கழட்டிப் பாத்திருக்காங்களா? அந்தப் பெட்டியால என்னென்ன முடியாது? பொருள் வர்ற வரைக்கும் என் பணம் எங்க இருக்கும், தனியா வெச்சிருப்பீங்களா இல்ல செலவு பண்ணிடுவீங்களா?”

“இதெல்லாம் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“பர்மா பஜார்க்காரர் கோவிச்சுக்கலையே.”

அவனுக்கு அது புரியவில்லை. அவன் பிறப்பதற்கு முன் நடந்த கதை. ஆனாலும் மெயில் போட்டான். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டான்.

“பதில் வந்துச்சுண்ணா. ரொம்ப அழகா எழுதியிருக்காங்க. உங்களை மாதிரி ரசிகர்களாலதான் இந்தப் பயணமே அப்படின்னு. மூணு பாரா.”

“கேள்விக்கு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. படித்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

“முடியாதுன்னு ஒரு வார்த்தைகூட இல்லண்ணா.”

அவன் இன்னும் பணம் கட்டவில்லை. அந்த வீடியோவை மட்டும் போனிலிருந்து அழிக்க மனசு வரவில்லை என்றான். திட்டலாம் என்று வாயெடுத்தேன். என் போனிலும் அது இருக்கிறது.